கற்கண்டு, சர்க்கரை, பஞ்சு மிட்டாய்: நம் பக்கத்து மருந்துகளின் வரலாறு

பழவேற்காட்டின் வரலாறு என்றால் டச்சுக்காரர் கல்லறை, 1613-ல் எழுந்த கெல்ட்ரியா கோட்டை, ஏரியில் இறால் பிடிக்கும் பாடு முறை, பூநாரைகள் என்று எழுதுவதுதான் வழக்கம். நானும் இந்தப் பக்கத்தில் அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறேன். இன்று எழுதப்போவது எந்தச் சுற்றுலாப் பயணியும் படம் எடுக்காத ஒரு பொருளைப் பற்றி.

1974-ல் அரசு வேலைக்கு வந்து 2008-ல் ஓய்வு பெறும்வரை ஏரிக்கரைக் குப்பங்களுக்கும் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் மாத்திரை எண்ணிக் கொடுத்தவன் நான். பதவியின் பெயர் மருந்தாளுநர். ஊரார் கடைசிவரை கம்பவுண்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த மாத்திரைகளுக்குள் இருந்த படிகங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் முக்கியமான ஒரு பகுதி நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே நடந்தது. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிரியும்வரை நாமும் அந்த மாவட்டத்துக்காரர்கள்தானே!

படிகம் என்ற சொல் பெரிதாகத் தோன்றினாலும் நம் ஆட்களுக்கு அது புதிதல்ல. உப்பளத்தில் உப்புநீர் வற்றும்போது கட்டுவது படிகம். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வெடிமருந்து ஆலை வைத்திருந்தார்கள். வெடிமருந்துக்கு முதல் சரக்கு வெடியுப்பு. அதைச் சுத்தம் செய்யும் வழி, கொதிநீரில் கரைத்து வடிகட்டி ஆறவிடுவது. ஆற ஆற அழுக்கு நீரிலேயே நிற்கும், உப்பு மட்டும் ஊசி ஊசியாகப் படியும். மருந்துத் தொழிற்சாலைகளிலும் இன்றுவரை பெரும்பாலும் இதே முறைதான். மருந்தைக் கரைத்து, படிகமாக்கி, எடுத்து உலர்த்துகிறார்கள். படிகம் சுத்தமானது, எளிதில் கெடாதது, எடை போட வசதியானது. ஆனால் செய்கிறவருக்கு நல்லதாக இருக்கும் அந்தக் குணமே சாப்பிடுகிறவருக்குச் சில சமயம் பகையாகிவிடும். கெட்டியாகக் கட்டிய படிகம் லேசில் கரையாது.

மூன்று பொருளை நினைத்துக்கொள்ளுங்கள். கற்கண்டு, சர்க்கரை, மகிமை மாதா கோயில் திருவிழாவில் விற்கும் பஞ்சு மிட்டாய். மூன்றும் ஒரே சரக்குதான். கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருக்கலாம். சர்க்கரை நாக்கில் போட்ட கொஞ்ச நேரத்தில் கரையும். பஞ்சு மிட்டாய் பட்டதும் காணாமல் போகும்.

கற்கண்டுக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் துண்டின் அளவில். துண்டு சிறியதாக ஆக, தண்ணீர் படும் பரப்பு கூடுகிறது. பஞ்சு மிட்டாயில் வேறொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. சர்க்கரையை உருக்கி, சுழற்றி வீசி, படிகம் கட்ட அவகாசம் கொடுக்காமல் ஆறவைத்தது அது. கற்கண்டு என்பது கலவை பூசிக் கட்டிய செங்கல் சுவர் என்றால், பஞ்சு மிட்டாய் லாரியிலிருந்து கொட்டிய செங்கல் குவியல். சுவரிலிருந்து ஒரு கல்லைப் பெயர்க்கக் கடப்பாறை வேண்டும். குவியலிலிருந்து குழந்தைகூட ஒன்றை எடுத்துக்கொண்டு போகும்.

குவியலுக்கும் ஒரு குறை உண்டு. ஏரிக்காற்றில் பஞ்சு மிட்டாயைப் பிரித்து வைத்துப் பாருங்கள். ஈரத்தை இழுத்துச் சுருங்கி, பிசுபிசுத்து, மறுபடி கட்டியாகிவிடும். சிதறிக் கிடக்கும் கற்கள் தாமாகவே சுவராக அடுக்கிக்கொள்ளப் பார்க்கின்றன. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை சுலபமாகப் புரியும்.

பொருள்கள் கரையும் வேகத்தை முதலில் கணக்காகச் சொன்னவர்கள் ஆர்தர் நாய்ஸ், வில்லிஸ் விட்னி என்ற இரண்டு அமெரிக்கர்கள். 1897-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பென்சாயிக் அமிலத்தையும் ஈயக் குளோரைடையும் குச்சிகளாக வார்த்து, தண்ணீரில் சுழலவிட்டு அளந்தார்கள். பொருளை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் முதலில் நிறைந்துவிடுகிறது, அந்த நிறைவுக்கும் வெளியே உள்ள நீருக்கும் இருக்கும் வித்தியாசத்தைப் பொறுத்தே கரையும் வேகம் அமைகிறது என்று கண்டார்கள். பரப்பளவின் பங்கைப் பின்னால் வந்தவர்கள் கணக்கில் சேர்த்தார்கள். மருந்தை நினைத்து அவர்கள் இதைச் செய்யவில்லை. மருந்துக்காரர்கள் இந்தக் கணக்கைக் கையில் எடுக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அதுவரை எல்லோருக்கும் இருந்த எண்ணம் எளியது. மாத்திரையில் 500 மில்லிகிராம் இருந்தால் உடம்பில் 500 மில்லிகிராம் போய்ச் சேரும். உண்மை அப்படி இல்லை. விழுங்கிய மாத்திரை குடலில் போய்க்கொண்டே இருக்கும். பொன்னேரி பஸ் நிறுத்தத்தில் நிற்கும் நேரத்துக்குள் ஏறினவர்தான் ஏறினவர். குடலைக் கடக்கிற நேரத்துக்குள் கரைந்த மருந்துதான் ரத்தத்தில் சேரும். கரையாதது வந்த வழியே போய்விடும்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். அந்த நாளில் பெருவியாதி என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அந்தத் தொழுநோய்தான் செங்கல்பட்டு மாவட்டத்தின் பெரிய துயரம். குப்பங்களிலும் இருந்தது. பழைய வைத்தியம் நீரடிமுத்து எண்ணெய். அதையே பிறகு ஊசியாகவும் போட்டார்கள். குத்திய இடமெல்லாம் வலி, வீக்கம், சில சமயம் சீழ். ஆண்டுக்கணக்காகக் குத்திக்கொண்டாலும் குணமாகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இந்த நிலையை மாற்றியது டாப்சோன். 1908-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் எமில் ஃப்ரோம், யாகோப் விட்மன் என்ற இருவர் அதைச் செய்து, குறித்து வைத்துவிட்டுப் போனார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டு அது அலமாரியில் கிடந்தது. 1937-ல் இங்கிலாந்திலும் பிரான்சிலும் அது கிருமிகளைக் கொல்வதைக் கண்டார்கள். ஆனால் சல்ஃபா மருந்தைப்போலப் பெரிய அளவில் கொடுத்தபோது மனித உடம்பு தாங்கவில்லை. 1941-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் கை ஃபேஜெட் வேறு வழி எடுத்தார். டாப்சோனிலிருந்து செய்த, தண்ணீரில் நன்றாகக் கரையும் ப்ரோமின் என்ற மருந்தை நரம்பு ஊசியாகப் போட்டார். புண்கள் ஆறின. தொழுநோய்க்கு மருந்து உண்டு என்று உலகம் முதன்முறையாக நம்பியது. ஆனால் தினமும் நரம்பில் ஊசி போட்டு, ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். நம் ஊரில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அப்படி யார் போடுவது?

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. அங்கே பல ஆண்டுகள் பணியாற்றியவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஃபேஜெட் போன வழிக்கு நேர் எதிராகப் போனார்கள். கரையும் மருந்தைத் தேடாமல், கரைய மறுக்கும் மூல மருந்தையே எடுத்தார்கள். டாப்சோன் தூளை எண்ணெயில் நூற்றுக்கு 25 பங்கு கலக்கி ஊசியாகச் சதையில் போட்டார்கள்.

இதில் இருக்கும் புத்தியைக் கவனியுங்கள். எண்ணெயோடு போன படிகங்கள் சதைக்குள் ஒரு சிறு மூட்டையாகத் தங்கும். அவை ஒரே நாளில் கரைய முடியாது. இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று கரைந்து ரத்தத்துக்கு வந்துகொண்டிருக்கும். ஒரேயடியாக ரத்தத்தில் ஏறி உடம்பைக் கெடுக்கும் அபாயம் குறைகிறது. தினமும் ஊசி போடவும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு போதும். மாத்திரையில் குறையாக இருக்கும் கரையாத்தன்மை அங்கே காவல்காரனாக வேலை செய்தது. காக்ரேன், ராமானுஜம் உள்ளிட்டோர் தங்களது இரண்டரை ஆண்டு அனுபவத்தை 1949-ல் லெப்ரசி ரிவ்யூ இதழில் விரிவாக எழுதினார்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில் நைஜீரியாவில் டாக்டர் ஜான் லோ இன்னும் எளிய வழியைக் காட்டினார். அவர் முன்பு நம் நாட்டில் தொழுநோய்ப் பணி செய்தவர். நாளைக்கு 100 மில்லிகிராம் அளவில் டாப்சோனை வாய்வழியாகவே கொடுத்தால் போதும், உடம்பு தாங்கும், நோயும் தணியும் என்றார். கரையாத மருந்து வாய்வழியாக எப்படி வேலை செய்தது என்று கேட்பீர்கள். டாப்சோன் தண்ணீரில் மெதுவாகக் கரைந்தாலும், கரைந்ததைக் குடல் தடையில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. தேவையான அளவும் சிறியது. உள்ளே போனதில் பாதி வெளியேறவே ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. எனவே மெதுவாகக் கரைவதால் நஷ்டமில்லை. விலையும் மிகக் குறைவு. ஆகவே டாப்சோன் மாத்திரை எல்லா ஊருக்கும் போயிற்று. 1955-ல் திருமணி மருத்துவமனை மத்திய தொழுநோய் போதனை ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. அதே ஆண்டு தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டமும் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது டாப்சோன்தான் எங்கள் ஒரே ஆயுதம்.

காக்ரேனின் எண்ணெய் ஊசியில் இருந்த யோசனை அதோடு போய்விடவில்லை. 1960-களில் அசிடாப்சோன் என்று ஒரு மருந்து வந்தது. டாப்சோனைவிடவும் கரையாதது. ஆமணக்கு எண்ணெயும் பென்சைல் பென்சோயேட்டும் கலந்த திரவத்தில் அதன் படிகங்களை மிதக்கவிட்டு, 225 மில்லிகிராம் ஊசி போட்டால் 77 நாளைக்குக் கவலையில்லை. ஆண்டுக்கு ஐந்து ஊசிதான். 1967-ல் பப்புவா நியூ கினியின் கரிமுய் மலைக்கிராமங்களில் நோயாளிகள் அனைவருக்கும் அதைப் போட்டுப் பார்த்தார்கள். தொழுநோயாளிகளோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு நோய் வராமல் தடுக்க அது உதவுமா என்று செங்கல்பட்டு நிறுவனத்தாரும் சோதித்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்வளவு மெதுவாகக் கரையும் படிகத்திலிருந்து நாளொன்றுக்கு ரத்தத்துக்கு வருவது இரண்டு மூன்று மில்லிகிராம்தான். சாகாமல் தப்பும் கிருமிக்குப் பழகிக்கொள்ள அது நல்ல வாய்ப்பு. 1964-லேயே மலேசியாவில் பெட்டிட், ரீஸ் என்ற இருவர் டாப்சோனுக்கு அடங்காத தொழுநோய்க் கிருமி உண்டு என்று நிரூபித்துவிட்டார்கள். ஒற்றை மருந்தை, அதுவும் தாழ்ந்த அளவில், ஆண்டுக்கணக்காகக் கொடுப்பது ஆபத்து என்று மெல்ல மெல்லப் புரிந்தது.

அந்தப் புரிதல் குப்பத்துக்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. ஏரியில் வலை வீசும் பெரியவர் ஒருவர் பத்து ஆண்டுக்கு மேல் டாப்சோன் சாப்பிட்டு வந்தார். காது மடலிலும் முகத்திலும் மறுபடி தடிப்பு கண்டது. பார்வையிட வந்த ஒருவர் அவருடைய அட்டையைப் புரட்டிவிட்டு, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர் என்று எழுதிவிட்டுப் போனார். பெரியவர் சண்டை போடவில்லை. மறுவாரம் வலைநூல் கண்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். மாத்திரை விழுங்கிய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முடிச்சு. எழுதப் படிக்கத் தெரியாதவர் வைத்த கணக்கு அது. "நாள் தவறாம துன்னேன் சார். எண்ணிப் பாரு" என்றார். முடிச்சு முடிச்சாக எண்ண என்னால் முடியவில்லை. எண்ண வேண்டிய அவசியமும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அட்டையில் எழுதினது எழுதினதாகவே நின்றது.

அவரைப் போன்றவர்களுக்கு விடிவு கூட்டு மருந்து சிகிச்சையில் வந்தது. 1981-ல் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, டாப்சோனோடு ரிஃபாம்பிசின், கிளோஃபசிமின் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. ஒன்றுக்குத் தப்பும் கிருமி மற்றொன்றில் சாகும். பெரியவரின் தடிப்பும் அதில் அடங்கியது.

இந்தக் கிளோஃபசிமினின் கதை முழுக்க முழுக்கப் படிகத்தின் கதை. அயர்லாந்தின் டப்ளின் நகரில் வின்சென்ட் பாரி குழுவினர் 1950-களில் காசநோய்க்காகச் செய்த மருந்து. பி-663 என்பது அதன் முதல் பெயர். செந்நிறத் தூள், தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம். எலிகளில் அருமையாக வேலை செய்தது. குரங்குகளிலும் கினிப்பன்றிகளிலும் கைவிட்டது. குடலில் சரியாக ஏறாததும் அதற்கு ஒரு காரணம் என்று கண்டார்கள். 1962-ல் நைஜீரியாவில் பிரவுன், ஹோகர்சீல் என்ற இரு மருத்துவர்கள் அது தொழுநோய்க்கு உதவும் என்று எழுதினார்கள். பெரிய படிகமாகக் கொடுத்தால் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். அதனால் படிகங்களை மிக நுண்ணிய பொடியாக்கி, எண்ணெயும் மெழுகும் கலந்த கலவையில் மிதக்கவிட்டு, மெத்தென்ற குப்பிக்குள் அடைத்தார்கள். கற்கண்டைச் சர்க்கரையாக்கின வேலை இது. எண்ணெய் சேர்த்தது குடலில் ஏற இன்னொரு கைத்தாங்கல். சாப்பாட்டோடு விழுங்கச் சொல்வதும் அதற்காகத்தான்.

சாப்பாட்டோடு என்று சொல்வது சுலபம். விடிகாலை மூன்று மணிக்கு வெறும் வயிற்றோடு படகேறுகிறவரிடம் அதை எப்படிச் சொல்வது? நான் நேரத்தைச் சொல்லாமல் வேளையைச் சொல்வேன். கரைக்குத் திரும்பி, மீனைக் கொடுத்துவிட்டு, வீட்டில் குழம்பு ஊற்றிச் சோறு தின்கிற வேளை. அப்போது போடுங்கள் என்பேன்.

உடம்புக்குள் ஏறின பிறகும் அந்த மருந்து தன் குணத்தை விடாது. கொழுப்பிலும் தோலிலும் போய்த் தங்கி, சில திசுக்களில் மறுபடி படிகமாகவே கட்டிக்கொள்ளும். முகம் செம்பு நிறமாகி, பிறகு கறுக்கும். மருந்தை நிறுத்தினாலும் நிறம் மங்க மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள். வெயிலில் நிற்கும் மீனவப் பெண்களுக்கு இது பெரிய சோதனை. மருந்தின் நிறத்தை வைத்தே நோயின் பெயரை ஊர் கண்டுபிடித்துவிடும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டுப் பெண் ஒருத்தி குப்பிகளை வாங்கிப்போய் வைத்துவிட்டு, மாத்திரைகளை மட்டும் விழுங்கி வந்தாள். அவளுடைய அம்மாவிடம் பல தடவை பேசினேன். நிறம் போய்விடும், கை விரல் போனால் வராது என்றேன். கடைசியில் அம்மா கையால் கொடுத்துச் சாப்பிட்டாள், குணமானாள். ஆனால் அவள் முதலில் மறுத்ததை வெறும் அறியாமை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

தோல் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்களுக்குப் படர்தாமரை தீராத தொல்லை. அதற்கு நாங்கள் கொடுத்தது கிரீசியோஃபல்வின். 1939-ல் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். வாய்வழியாகக் கொடுத்தால் படர்தாமரை குணமாகும் என்று 1958-ல் ஜென்டில்ஸ் என்பவர் கினிப்பன்றிகளில் காட்டினார். இதுவும் தண்ணீரில் கரையச் சண்டித்தனம் செய்யும் மருந்து. சில ஆண்டுகளில் அதை நுண்பொடியாக்கியபோது பாதி அளவு மருந்தே முன்பு போன வேலையைச் செய்தது. மருந்து மாறவில்லை, படிகத்தின் அளவுதான் மாறியது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு சாப்பிட்டால் இன்னும் நன்றாக ஏறும் என்றும் கண்டார்கள். மத்தி, கானாங்கெளுத்திக் குழம்பு இருக்கிற நாளில் மாத்திரையை மறக்காதீர்கள் என்று நான் சொல்வது சிலருக்கு வேடிக்கையாக இருந்தது. வேடிக்கையாக இருந்ததாலேயே மறக்காமல் செய்தார்கள்.

இதுவரை சொன்னதில் துண்டின் அளவுதான் பெரிய பங்கு வகித்தது. படிகத்தின் கட்டு எவ்வளவு முக்கியம் என்பதற்குக் குளோராம்ஃபெனிகால் உதாரணம். டைபாய்டுக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் அறிந்த மருந்து. கசப்போ கசப்பு. குழந்தை துப்பிவிடும். கசப்பை மறைக்க, நீரில் கரையாத பால்மிடேட் என்ற சேர்மமாக மாற்றி மருந்துத் தண்ணீராகக் கொடுத்தார்கள். நாக்கில் கரையாததால் கசப்பு தெரியாது, குடலில் போய்ப் பிரிந்து வேலை செய்யும். ஆனால் அந்தச் சேர்மம் ஒன்றுக்கு மேற்பட்ட விதமாகப் படிகம் கட்டும். செங்கல் அதே செங்கல், அடுக்குமுறை வேறு. 1967-ல் அகியார் என்ற ஆராய்ச்சியாளரும் குழுவினரும் இரண்டு வகையையும் ஆட்களுக்குக் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். பி வகை கூடக்கூட ரத்தத்தில் மருந்து கூடியது. ஏ வகையில் ஏறவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. இரண்டு பாட்டிலிலும் சீட்டு ஒன்று, எடை ஒன்று. ஒன்று குழந்தையைக் காப்பாற்றும், மற்றொன்று கைவிடும். பின்னால் மருந்துநூல்கள் ஏ வகை நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தன.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1996-ல் எய்ட்ஸ் நோய்க்கு ரிடோனாவிர் என்ற மருந்து வந்தது. 1998-ல் திடீரென்று அதன் குப்பிகளுக்குள் அதுவரை யாரும் பார்த்திராத புதிய படிகம் தோன்றியது. பழையதைவிட மிகக் குறைவாகவே கரையும் வகை. அது ஒருமுறை தலைகாட்டிய பிறகு பழைய வகையைச் செய்வதே கடினமாகிவிட்டது. குப்பி விற்பனையை நிறுத்தினார்கள். நோயாளிகள் வாயில் வைக்க முடியாத சுவையுள்ள திரவத்தைக் குடிக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு வந்த புதிய குப்பியைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும்.

இதற்குத் தீர்வு வந்த விதம்தான் எனக்குப் பிடித்தது. ரிடோனாவிரையும் லோபினாவிரையும் ஒரு பாலிமரோடு சேர்த்துச் சூட்டில் உருக்கி, படிகம் கட்டவிடாமல் உறையவைத்து மாத்திரையாக்கினார்கள். பஞ்சு மிட்டாய்தான்! ஆனால் பாலிமர் நடுவில் நின்று கற்களைச் சேரவிடாமல் தடுக்கிறது. அதனால் ஈரக்காற்றில் மறுபடி கட்டியாகும் குறை நீங்கியது, குளிர்ப்பெட்டியும் வேண்டாம். 2005-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. நம் நாட்டில் எய்ட்ஸ் நோய்க்கான இரண்டாம் கட்ட மருந்துகளை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய முதல் இரண்டு இடங்களில் ஒன்று தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை. அது 2008-ல், நான் ஓய்வு பெற்ற ஆண்டு. அந்தச் சிகிச்சையில் இந்த இரண்டு மருந்துகளும் உண்டு. மின்சாரம் போய்ப் போய் வரும் கடலோரக் குடிசையில் இருப்பவருக்குக் குளிர்ப்பெட்டி கேட்காத மாத்திரை என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள்.

இத்தனை நடந்த பிறகுதான் மாத்திரையின் எடையோடு அது கரையும் வேகத்தையும் சோதிக்க வேண்டும் என்ற சட்டம் ஊன்றியது. உடம்புச் சூட்டில் உள்ள திரவத்தில் மாத்திரையைச் சுழலவிட்டு, குறித்த நிமிடத்துக்குள் எத்தனை பங்கு கரைந்தது என்று பார்ப்பார்கள். நாய்ஸும் விட்னியும் குச்சியைச் சுழற்றின அதே வேலைதான். அமெரிக்க மருந்துநூலில் 1970-லும், நம் இந்திய மருந்துநூலில் 1985-ல் வந்த மூன்றாம் பதிப்பிலும் இந்தச் சோதனை இடம்பெற்றது. நான் வேலைக்குச் சேர்ந்து பதினோரு ஆண்டு கழித்து!

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. மருந்து கேட்கவில்லை என்றால் முதல் சந்தேகம் எப்போதும் சாப்பிட்டவர்மேல்தான் விழுகிறது. அதுவும் அவர் ஏழை என்றால், படிக்காதவர் என்றால், குப்பத்துக்காரர் என்றால் விசாரணையே இல்லாமல் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மாத்திரையைத் தவறவிடுகிறவர்கள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், நிறையப் பேர் உண்டு. ஆனால் கையில் கொடுத்த மருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தது போதுமானதா, கிருமி அதற்கு இன்னும் அடங்குகிறதா என்ற மூன்று கேள்விகளையும் கேட்ட பிறகே நாலாவதாக நோயாளியைக் கேட்க வேண்டும்.

நம் வயதுக்காரர்களுக்குக் கடைசியாகக் கொஞ்சம். மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து மொத்தமாக டப்பாவில் போட்டு, அடுப்பங்கரை அலமாரியில் வைக்காதீர்கள். நம் ஏரிக்காற்றின் ஈரம் பஞ்சு மிட்டாயை மட்டும் கெடுப்பதில்லை. சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா என்று மருந்துக் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டும் குணம் தெரியவில்லை என்றால், "நான் தவறாமல் சாப்பிடுகிறேன், மருந்தைக் கொஞ்சம் பாருங்கள்" என்று டாக்டரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

திருமணி மருத்துவமனையில் அந்த எண்ணெய் ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொல்லிக் கேட்டிருந்தால், பெயர் வேண்டாம், விஷயத்தை மட்டும் எனக்கு எழுதுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள்.